காதுக்காரர் தேர்ந்தெடுத்த கண்ட்ரோல்

— ஆகவே, இந்தக் கடையின் வரலாற்றில் இதுவரை நிகழாத, இனியும் நிகழப் போகாத ஒரு மாபெரும் அறிவிப்பை, இக்கணம், இவ்விடத்தில், நான் வெளியிடப் போகிறேன்.

— வெளியிடுங்க. ஆனா அந்தப் பக்கமா நின்னு வெளியிடுங்க. சால்டரிங் அயர்ன் சூடா இருக்கு, சட்டை ஓட்டையாயிடும்.

— தாடிக்காரத் தம்பியோட கிடாருக்கு வால்யூம் கண்ட்ரோல் எது, கெப்பாசிட்டர் எது, என்ன மதிப்பு, என்ன ரகம், இதையெல்லாம் முடிவு பண்ற பொறுப்பை நான் ஏத்துக்கிட்டேன்.

— இதுவா அறிவிப்பு?

— இதுதான்.

— கல்யாணமான நாள்லேருந்து கண்ட்ரோலும் கண்டன்சரும் நீங்கதான எடுத்துக் குடுக்கிறீங்க? நான்தான ஈயம் வச்சுப் பத்த வைக்கிறேன்? இதுல புதுசா என்னத்த ஏத்துக்கிட்டீங்க?

— கண்டன்சர் இல்ல. கெப்பாசிட்டர். எத்தனை தடவை சொல்றது! புதுசு என்னன்னா, இத்தனை நாள் நான் சுத்துன பிக்கப்புக்கு நான் சாமான் எடுத்தேன். இன்னிக்கு நீ சுத்துன பிக்கப்புக்கு எடுக்கப் போறேன். வித்தியாசம் இருக்குல்ல?

— என்ன வித்தியாசம்? கிடார்க் கம்பி அதிர்றதைப் புடிச்சு அனுப்புற காந்தமும் அதேதான், அதைச் சுத்தியிருக்கிற செம்புக் கம்பியும் அதேதான். சுத்துன கை மட்டும்தான் வேற.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— அதைச் சொல்றதுக்கு ஏன் வயித்தைப் புடிச்சுக்கிறீங்க?

— வயித்தெரிச்சல்லாம் ஒண்ணும் இல்ல. காலையில சாப்பிட்டது ஒத்துக்கல.

— நான் வயித்தெரிச்சல்னு சொல்லவே இல்லையே.

— இந்தா பாரு, வார்த்தையைப் புடுங்காத. அன்னிக்கு அந்தத் தம்பி கண்ணை மூடிக்கிட்டு என்னோட பிக்கப், உன்னோட பிக்கப், ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிச்சுப் பார்த்தார். உன்னோடதைத் தொட்டு "இது"ன்னார். ஒத்துக்கிறேன். ஆனா அன்னிக்கு அவருக்குச் சளி. மூக்கு அடைச்சா காது அடைக்கும். இது விஞ்ஞானம்.

— சளி உங்களுக்கு. அவர்தான் பையிலேருந்து மாத்திரை எடுத்துக் குடுத்தாரு.

— எனக்கு இருந்தது அவருக்கு ஒட்டியிருக்கும்.

— வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதேவா? நல்ல வேகமான சளி.

— சிரி. நல்லா சிரி. கப்பல்ல வந்த மெஷின் வச்சிருக்கேன் நான். ஒரு சுத்துக்குப் பக்கத்துல அடுத்த சுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையில நிக்கிற மாதிரி நிக்கும். நீ? பழைய தையல் மெஷின் மோட்டாரை ஒரு பலகையில முடுக்கிவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கிட்டு, கம்பியைக் கையில புடிச்சு இழுத்த இழுப்புக்குச் சுத்தி வைக்கிற. அது பிக்கப்பா? தூக்கணாங்குருவிக் கூடு.

— அதுதான் உயிரோட இருக்குன்னு சொன்னாரு. வரிசையா அடுக்கினது இஸ்திரி போட்ட சத்தமா இருக்காம்.

— பாத்தியா! இஸ்திரி போட்ட மாதிரின்னா சுத்தம், ஒழுங்குன்னு அர்த்தம். அது எனக்குப் பாராட்டு.

— அதுசரி. உங்களுக்கு எதுதான் பாராட்டு இல்ல?

— நேத்து அந்த இசைப் பள்ளி மாஸ்டர் வந்தார்ல. நான் கல்லாவுல மலை மாதிரி உக்காந்திருக்கேன். "சொல்லுங்க சார்"ங்கறேன். அந்த மனுஷன் என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து "மேடம் இல்லையா?"ங்கறார். நான் இருக்கேனேன்னேன். "பரவால்ல சார், மேடம் வரட்டும்"னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். நான் என்ன, வாட்ச்மேனா?

— அதுக்குத்தான் நேத்து ராத்திரி சாப்பாட்டுல உப்பு இல்லைன்னு கத்துனீங்களா?

— உப்பு நிஜமாவே இல்ல.

— ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் சுத்தி, வேணாம்னு ஒதுக்கி வச்ச பிக்கப் ஒண்ணு, கம்பி முழுசா பிரிஞ்சு கெடந்துச்சே. யாரு வேலை?

— எலி.

— எலியா?

— எலிதான். கடையில எலித் தொல்லை ஜாஸ்தியாயிடுச்சு.

— கெட்டிக்கார எலி. பிரிச்ச கம்பியை அழகா நூல்கண்டு மாதிரி சுத்தி வச்சு, பக்கத்துல மூக்குக் கண்ணாடியையும் மறந்துட்டுப் போயிருக்கு.

— ...அது ஆராய்ச்சி.

— கண்டுபிடிச்சுச்சா எலி?

— உள்ள ஒண்ணுமே இல்ல! அதே கம்பி! அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஒரு ரகசியம் இருந்தாலாவது மனசு சமாதானமாகும்.

— வாசல்ல போர்டு மாட்டி வச்சிருக்கீங்களே, அவ்ளோ பெரிய காது படம் போட்டு. அந்தக் காதுகிட்ட கேக்க வேண்டியதுதான?

— அந்தக் காதைக் கேலி பண்ணாத. அது இந்தக் கடையோட சின்னம்.

— சின்னம்தான். போன மாசம்கூட ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வந்து, சீழ் வடியுது டாக்டர் எப்ப வருவார்னு கேட்டாங்க.

— போதும். தம்பி வர்ற நேரமாச்சு. அடுத்த வாரம் அந்தப் பெரிய அரங்கத்துல வாசிக்கப் போறார். "இந்தச் சத்தம் பிடிச்சுப் போச்சுன்னா, யார் செஞ்சதுன்னு மேடையிலேயே சொல்வேன்"னு வாக்கு குடுத்திருக்கார். கூட்டம் பூரா கேக்கும். அதனால சாமான் தேர்வு ரொம்ப முக்கியம். இழுப்பறையைத் திற.

— திறந்துதான் இருக்கு.

— ம்... இது வேணாம்... இது ஆகாது... இரு, இதைக் கொஞ்சம் கேக்கறேன்.

— கண்டன்சரைக் காதுல வச்சு ஆட்டினா என்னங்க கேக்கும்?

— உனக்குக் கேக்காது. இதுக்கெல்லாம் பயிற்சி வேணும். ம்ம். இதுதான். இதையும், இந்த வால்யூம் கண்ட்ரோலையும் போடு.

— இருங்க. கண்ட்ரோல்ல "நூறு கே"ன்னு எழுதியிருக்கே?

— படிக்கத் தெரியுதுல்ல?

— சின்ன நம்பர் கண்ட்ரோல் போட்டா, மேல்சத்தமெல்லாம் ஓட்டை வாளித் தண்ணி மாதிரி ஒழுகிப் போயிடும், கிடாருக்குக் கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடும்னு, வர்றவன் போறவனையெல்லாம் உக்கார வச்சுப் பாடம் எடுப்பீங்களே? இந்த மாதிரி பிக்கப்புக்கு இருநூத்தம்பதுக்குக் கீழ போறவன் மனுஷனே இல்லைன்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— இது எத்தனை?

— நூறு. அது பொது விதி. இது விதிவிலக்கு. உன் பிக்கப் கொஞ்சம் ஓவராத் துள்ளுது. அடக்கி வைக்கணும்.

— அடக்கி வைக்கணுமா?

— சத்தத்தைச் சொன்னேன்.

— இந்தக் கண்டன்சர் என்ன இவ்ளோ குண்டா இருக்கு? டேபிள் ஃபேன்லேருந்து கழட்டினீங்களா?

— டோன் குமிழைத் திருகினா ஆழம் கிடைக்கும்.

— எந்த ஆழம்? கிணத்துல விழுந்தவன் கூப்பிடுற ஆழமா?

— நீ சுத்துனவ. உன் வேலை முடிஞ்சுது. இனிமே இது என் இலாகா.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. மனசாரத்தான் இதைப் போடச் சொல்றீங்களா?

— காது சொல்லுது.

— முகத்தைப் பார்க்கச் சொன்னேன். சுவத்துல இருக்கிற காலண்டரை இல்ல.

— அந்தக் காலண்டர்ல தேதி கிழிக்கலை, அதைப் பார்த்தேன். காது சொல்லுதுன்னா சொல்லுது. போடு.

— ஆகட்டும். இங்க வச்சுட்டுப் போங்க.

— என் நீலச் சட்டை எங்க?

— உள்ள, கதவுக்குப் பின்னாடி. என்னத்துக்கு நீலச் சட்டை? கல்யாணமா?

— தம்பி வர்றார்ல. ஒரு மரியாதை.

— யார் யாரோ வந்து உங்க பிக்கப்பை எடுத்துக்கிட்டுப் போனப்பல்லாம் அழுக்கு பனியனோட நின்னீங்களே.

— இரு, உள்ள போய் மாத்திக்கிட்டு வர்றேன்.

— என்னங்க! சத்தத்தையே காணோம்?

— பட்டன் மாட்டறேன்! நீ பத்த வச்சிட்டியா?

— பத்த வச்சுக்கிட்டு இருக்கேன்!

— பின்னாடி மூடியும் போட்டு ஸ்க்ரூவை இறுக்கிடு! அப்புறம் யாரும் திறந்து பார்க்கக் கூடாது!

— யாரு திறந்து பார்ப்பா?

— பொதுவாச் சொன்னேன்! தொழில் ரகசியம்!

— மூடியாச்சு! என்ன, உள்ள பாட்டா பாடுறீங்க?

— பாடலியே!

— பாடுனீங்க. நான் சுத்தும்போது முணுமுணுக்கிற பாட்டு அது. வாங்க, வாங்க, தம்பியே வந்தாச்சு. வாங்க தம்பி, அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆடும், பார்த்து.

— வணக்கம் அண்ணி. அண்ணே, என்ன நீலச் சட்டையெல்லாம்? பளபளன்னு இருக்கீங்களே!

— சும்மாதான் தம்பி. உக்காருங்க. வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்குங்க.

— ஏண்ணே, என்னாச்சு?

— ஒண்ணும் ஆகலை. எங்க வீட்டுல நல்ல ஆர்வம்தான். குறை சொல்லல. ஆனா ஆர்வம் வேற, அனுபவம் வேற. அன்னிக்கு வெறும் பிக்கப்பை நேரா ஆம்ப்ளிஃபயர்ல குடுத்துக் கேட்டீங்க. இப்ப முழு கிடாரா கேக்கும்போது உண்மை நிறம் தெரியும். கவலைப்படாதீங்க, மாத்து தயாரா இருக்கு. என் சட்டைப் பையிலேயே வச்சிருக்கேன்.

— எதைண்ணே?

— என் பிக்கப்பை. அரை மணி நேரத்துல மாத்திடலாம்.

— தம்பி, நீங்க வாசிங்க. அவருக்குக் காலையில சாப்பிட்டது ஒத்துக்கல.

— சரிங்க அண்ணி. ஆம்ப் ஆன்ல இருக்கா? ...ம்.

— கேக்குதா தம்பி? கேக்குதா? போர்வைக்குள்ளேருந்து பேசுற மாதிரி இல்ல?

— ஷ்ஷ்.

— அந்த மேல்கம்பியைத் தட்டுங்க. பாத்தீங்களா, மணி அடிக்க வேண்டிய இடத்துல பூசணிக்காய் விழுந்த மாதிரி இருக்கு. இத்தனை வருஷக் காது இது. பொய் சொல்லாது. பாவம், அவளைக் குத்தம் சொல்லாதீங்க, முதல் முயற்சி...

— அண்ணே. கொஞ்சம் சும்மா இருங்கண்ணே.

— துக்கமா இருக்குல்ல? இருக்கும். இருக்கும்.

— அண்ணி... எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பாருங்க, என் கை ரோமமெல்லாம் நிக்குது. எத்தனையோ கடை ஏறி இறங்கிட்டேன். யாராரோ என்னென்னமோ விலைக்கு வச்சிருந்ததையெல்லாம் வாங்கிப் போட்டுப் பார்த்துட்டேன். இது... மழை விட்ட பிறகு ரோட்டுல விழுற வெளிச்சம் இருக்கே, அந்த மாதிரி. ஈரமா, மஞ்சளா. அழுதுட்டுச் சிரிக்கிற மாதிரி.

— தம்பி, கிடாரைத்தான சொல்றீங்க?

— கிடாரைத்தான் அண்ணி. இதை நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். அடுத்த வாரம் முதல் பாட்டு முடிஞ்சதும் மைக்கைப் புடிச்சு உங்களைத்தான் சொல்லப் போறேன். முன்வரிசையில உக்காருங்க. எழுந்து நிக்கச் சொல்வேன், நிக்கணும்.

— ஐயையே, நானா? நின்னுடலாம். புதுப் புடவை ஒண்ணு இருக்கு, எதுக்குக் கட்டறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

— ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் தம்பி. நல்லா இருக்குங்கறீங்களா?

— நல்லாவா? அண்ணே, அபாரம்!

— அந்த மங்கல்? அந்த அடக்கம்? மேல்சத்தத்தை உள்ள இழுத்துப் புடிச்ச மாதிரி இருக்கே, அதுவா அபாரம்?

— அதேதாண்ணே! கத்தவே மாட்டேங்குது பாருங்க. அந்த அடக்கம்தான் அழகு. அது அண்ணியோட கை.

— கைன்னு மட்டும் சொல்லிட முடியாது. ஒரு கிடார்ல பிக்கப் மட்டுமா இருக்கு? கண்ட்ரோல் இருக்கு, கெப்பாசிட்டர் இருக்கு. அதுக்கெல்லாம் ஒரு பங்கு உண்டு.

— உண்டுண்ணே. ஆனா அதெல்லாம் கடையில கிடைக்கிற சாமான்தான? கை கிடைக்குமா?

— யார் எடுத்துக் குடுக்கிறாங்கங்கறது இருக்குல்ல?

— சரிண்ணே, மேடையில சொல்றப்ப உங்களையும் சேர்த்துச் சொல்லிடறேன். "கூட இருந்து ஒத்தாசை பண்ண அண்ணனுக்கும் நன்றி"ன்னு.

— ஒத்தாசையா!

— ஏன், ஒத்தாசைன்னா நல்ல வார்த்தைதான? இந்தாங்க, தண்ணி குடிங்க. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு.

— தண்ணி வேணாம் எனக்கு! தம்பி, நீங்க நல்ல மனுஷன். உங்களை ஏமாத்த எனக்கு மனசு வரல. உண்மையைச் சொல்லிடறேன். இந்தச் சத்தம் அவளோடது இல்ல. என்னோடது.

— என்னண்ணே சொல்றீங்க? பிக்கப் அண்ணியோடதுதான?

— பிக்கப் அவளோடது. சத்தம் என்னோடது. இருநூத்தம்பது போட வேண்டிய இடத்துல நூறு கே கண்ட்ரோல் எடுத்துக் குடுத்தேன். கெப்பாசிட்டர்ல இருக்கிறதுலேயே குண்டானதை எடுத்துக் குடுத்தேன். நீங்க ஈரம்கறீங்களே, மஞ்சள்கறீங்களே, அடக்கம்கறீங்களே, அது அத்தனையும் அந்த நூறு கே பண்ற வேலை. அவ பிக்கப் கத்தத்தான் பார்த்துச்சு. வாயை மூடினது நான்.

— நூறா? இந்தப் பிக்கப்புக்கு நூறு போட்டா கம்பளி போர்த்தின மாதிரி ஆயிடும்னு நீங்கதான எனக்குப் பாடம் எடுத்தீங்க?

— எடுத்தேன்.

— அப்புறம் ஏண்ணே அதைக் குடுத்தீங்க?

— ஏன்னா... ஏன்னா கம்பளி போர்த்தின மாதிரி ஆகணும்னுதான் குடுத்தேன்.

— என்னங்க, வேணாம். விடுங்க. டீ சொல்லட்டுமா?

— விட மாட்டேன். நீ குறுக்க வராத. தம்பி, கெடுக்கத்தான் குடுத்தேன். நீங்க வாசிச்சுட்டு மூஞ்சியைச் சுளிக்கணும், "அண்ணே உங்களோடதையே மாட்டுங்க"ன்னு கெஞ்சணும், நான் பையிலேருந்து எடுக்கணும். அதுக்குத்தான் சட்டை. போதுமா?

— அண்ணே...

— பொறாமைன்னு சொல்லுங்க. சொல்லிக்கோங்க. உங்களைத் தாண்டி எட்டிப் பார்த்து மேடம் எங்கன்னு கேட்டா உங்களுக்குத் தெரியும். ஆனா தம்பி, கெடுக்கப் போன இடத்துல ஒரு அதிசயம் நடந்திருக்கு. கெடுத்தவன் நான். அந்தக் கெடுதல்லேருந்து அபாரம் பொறந்திருக்குன்னா, அதுக்கு அப்பன் யாரு? நான்தான. கெட்டவன்னு மேடையில சொல்லுங்க, வாங்கிக்கிறேன். இந்தச் சத்தம் அவளோடதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

— என்னங்க, எனக்குக் கெடுதல் பண்ணணும்னுதான் எடுத்துக் குடுத்தீங்களா?

— உனக்கு இல்ல. உன் பிக்கப்புக்கு.

— அது வேற, நான் வேறயா? இப்பதான் என் முகத்தைப் பார்க்கிறீங்க.

— பேச்சை மாத்தாத. கலைன்னு வந்துட்டா புருஷன் பொண்டாட்டியெல்லாம் அப்புறம். அனுபவம் அனுபவம்தான். கெடுக்கறதுக்குக் கை வச்சாலும் என்னால கெடுக்க முடியலை பாரு. அதுதான் காது! தம்பி, நீங்க நியாயம் சொல்லுங்க.

— எனக்குத் தலையே சுத்துதுண்ணே. நான் கேட்டது நூறு கேவோட சத்தம்னா... சாமானை எடுத்தது நீங்கதான். என்ன எண்ணத்துல எடுத்திருந்தாலும் எடுத்தது நீங்க. அப்ப மேடையில உங்களைச் சொல்றதுதான முறை? அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. கேட்ட சத்தத்துக்கு நான் பொய் சொல்லக் கூடாது இல்ல?

— கூடாது தம்பி. பொய் சொல்லாதீங்க.

— பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா! பெரிய மனசு. எப்பவுமே அவளுக்குப் பெரிய மனசு. அப்ப முன்வரிசையில நான். எழுந்து நிக்கச் சொல்வீங்கள்ல? இந்த நீலச் சட்டை போதுமா, இல்ல கோட்டு தைக்கணுமா?

— அண்ணி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?

— வாயைத் திறக்கவே கூடாதுன்னுதான் இருந்தேன் தம்பி. இவர் ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நானும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க பாட்டுக்குக் கிடாரை எடுத்துட்டுப் போயிருப்பீங்க, நாங்க பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கியிருப்போம்.

— ஏன், இப்ப மட்டும் என்ன? சொல்லு. தம்பி முன்னாடியே சொல்லு. உண்மை வெளிய வரட்டும்.

— நீங்க எடுத்துக் குடுத்த எதையும் நான் அதுல போடலைங்க. வழக்கமா போடறதைத்தான் போட்டேன்.